அறிவுரைக்கு முன்னால் பாக்கி

அன்புள்ள ஆசிரியருக்கு,

இருபது வருடங்களாகத் தொழில் செய்கிறேன். கையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி இன்று நன்றாக இருக்கிறேன். வசதியில்லாத குடும்பங்களிலிருந்து வந்து தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு வழிகாட்டியாக இருக்க ஆசை. அவர்களிடம் திறமை இருக்கிறது, தன்னம்பிக்கைதான் இல்லை. என் கதையைக் கேட்டால் தைரியம் வரும் என்று நினைக்கிறேன். வாரம் இரண்டு மணி நேரம் போதுமா? எத்தனை பேரை எடுத்துக்கொள்ளலாம்? அவர்கள் கம்பெனியில் சிறு பங்கு கேட்பது தவறா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நல்ல மனது உங்களுக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் திட்டப்போகிறேன்.

தன்னம்பிக்கை இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அடமானம் வைக்க ஒன்றுமில்லை, அந்தத் தொழிலில் தெரிந்தவர் யாருமில்லை, தோற்றால் தாங்கிப் பிடிக்கக் குடும்பத்துக்கு வசதியில்லை. அப்படியும் ஒருவர் தொழில் தொடங்குகிறார். உங்களையும் என்னையும்விட அவரிடம் தன்னம்பிக்கை அதிகமாகவே இருக்கிறது. அவரிடம் இல்லாதது ஒரு மாமா. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு பேங்க் மேனேஜரிடம் பேச ஒரு மாமா இருப்பார், முதல் ஆர்டர் கொடுக்க அப்பாவின் நண்பர் இருப்பார், பணம் இழுத்தடித்தால் “என்னப்பா, பையனுடைய பில் இன்னும் நிற்கிறதாமே” என்று போன் போட ஒரு சித்தப்பா இருப்பார். இதற்கெல்லாம் வழிகாட்டல் என்று யாரும் பெயர் வைப்பதில்லை.

உங்கள் கதையைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். ஜெயித்தவர் தன் கதையைச் சொல்லும்போது அதிர்ஷ்டம் எப்படியோ விடுபட்டுப்போகும்.

இதை யோசித்துச் செய்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஸ்கோர் என்ற அமைப்பு 1964 முதல் ஓய்வுபெற்ற நிர்வாகிகளைச் சிறுதொழில்காரர்களோடு உட்காரவைக்கிறது. பிரிட்டனில் 1976-ல் தொடங்கிய பிரின்ஸ் டிரஸ்ட் என்ற இளைஞர் உதவி அமைப்பைப் பார்த்து இந்தியாவில் 1992-ல் பாரதிய யுவ சக்தி டிரஸ்ட் வந்தது. கடனுக்கு வழி செய்வதோடு ஆளுக்கு ஒரு வழிகாட்டியையும் சேர்த்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து வருவதுதான் எனக்குப் பிடித்தது. காசில்லாதவருக்கு வெறும் அறிவுரை கிடைத்தால் அதுவும் ஒரு செலவுதான். அரை நாள் வேலை போகும்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் பில் பாக்கியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இளம் வயதில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். முதலாளி நன்றாகப் பேசுவார், இளம் தொழில்முனைவோர் கூட்டங்களுக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மேடையில் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், எங்களுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுத்த பையன் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பான். பணம் கொடுக்கவேண்டிய கெடு முடியும் வாரத்தில் அவன் பில் திரும்பிப் போகும். ஒருமுறை ஆர்டர் எண்ணில் ஓர் இலக்கம் தவறு. இன்னொரு முறை ரப்பர் ஸ்டாம்ப் பாதிதான் விழுந்திருக்கிறது. திருத்திய பில்லில் புதுத் தேதி போடவேண்டும். அன்றிலிருந்து கெடு மறுபடி எண்ணப்படும். மேலிடத்து உத்தரவு அப்படி. பையன் ஒருதரம்கூடக் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் அடுத்த ஆர்டர் கிடைக்காது. அட்டை வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் மூடிவிட்டான். கணக்குப்படி பார்த்தால் லாபத்தில்தான் மூடினான். அந்த லாபம் முழுக்க எங்கள் பேரேட்டில், நாங்கள் கொடுக்கவேண்டிய தொகையாக எழுதப்பட்டிருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் 2006-ஆம் வருடச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிடவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் கொண்டுவந்த விதியிலும் தாமதத்துக்கு வட்டி உண்டு. சரி, சோறு போடுகிற வாடிக்கையாளர் மேல் அந்தப் பையன் புகார் கொடுப்பானா? அவனுக்காக நீங்கள் பேசலாம். புகார்கூட வேண்டாம், உங்கள் பெயரில் ஒரு போன் போதும்.

அதனால் முதல் சந்திப்பில் பிசினஸ் பிளானைக் கேட்காதீர்கள். யார் யார் எவ்வளவு தரவேண்டும், எத்தனை நாளாக நிற்கிறது என்று பட்டியல் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றாவது அதில் இருக்கும். அங்கேயே, அவர் எதிரிலேயே போன் போடுங்கள்.

எத்தனை பேர் என்பது உங்கள் பாடு. வாரம் இரண்டு மணி நேரம் என்றெல்லாம் கணக்கு வைக்காதீர்கள்; சம்பளம் போடும் நாளுக்கு முந்தின ராத்திரி கூப்பிட்டால் எடுக்கவேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கம்பெனி சின்ன சப்ளையர்களுக்குத் தரவேண்டிய பாக்கிப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். திருப்பி அனுப்பிய பில்கள் எத்தனை, என்ன காரணம் என்றும் கேளுங்கள். மேனேஜர் சொல்வதோடு விட்டுவிடாமல் பில்லையே எடுத்துப் பாருங்கள். அவற்றுக்கெல்லாம் செக் போட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். பங்கு கேட்கலாமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.