புதுக் கடன் வாங்காமலே பொறுப்பு ஏறியது ஏன்?

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியின் பொறுப்புகள் (கம்பெனி கட்டவேண்டிய பாக்கிகள்) ஏறியது தில்லுமுல்லா என்று கேட்டிருந்தீங்க, பயப்படாதீங்க. நீங்கள் பங்கு வைத்திருக்கும் அந்தக் கம்பெனி புதுக் கடன் வாங்காமலே 2019-20இல் பொறுப்புகள் ஏறியதற்கு, பெரும்பாலும் இண்ட் ஏஎஸ் 116 என்ற குத்தகைக் கணக்கு விதிதான் காரணம். 2019 ஏப்ரல் 1 முதல், நீண்டகால ஒப்பந்தத்தில் எடுத்த குடோன், ஷோரூமுக்கு இனி கட்டவேண்டிய வாடகையின் இன்றைய மதிப்பும் (வட்டி கழித்துக் கணக்கிட்ட தொகை) பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்பாக ஏறும். நல்ல மாற்றம், முன்பு இந்தச் சுமை பெரும்பாலும் பேலன்ஸ் ஷீட்டில் தெரியாது.

ஆண்டறிக்கை நோட்ஸில் குத்தகைப் பொறுப்பு எவ்வளவு என்று பாருங்கள். அதைக் கழித்தால் பழைய அளவுக்கு வருகிறதா? வராவிட்டால் வங்கிக் கடன் நோட்டையும் விடாமல் படிங்க.

ஆனால் இதே விதியால் எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம்) கூடியதை வளர்ச்சி என்று எடுத்துக்காதீங்க. வாடகை போய் அந்த இடத்தில் தேய்மானமும் வட்டியும் வந்திருக்கும், அவ்வளவுதான். நம்ம ஊரில் வழக்கமான 11 மாத அக்ரிமெண்ட் போட்ட இடங்கள், 12 மாதத்துக்கு உட்பட்ட குத்தகை என்பதால் இந்தக் கணக்கில் வராமலும் போகலாம்.