மாஸ்டர் பதில்கள்: கோப்பை வாங்கியும் வேலை போன கோச்

கேள்வி: டொராண்டோவில் இருக்கும் என் மருமகனுக்கு ஐஸ் ஹாக்கிப் பைத்தியம். 2024-ல் அவர்கள் ஊர் டீமுக்கு வந்த கோச், முன்பு வேறு ஊரில் கோப்பை வாங்கிக் கொடுத்தும் வேலை போனவராமே? அப்படி அந்த ஆளுக்கு என்னதான் வேலை?
– வாசகர், மேலூர்

பதில்: கிரெய்க் பெரூபியைச் சொல்கிறார் மாப்பிள்ளை. 2018 நவம்பரில் செயின்ட் லூயிஸ் டீம் தன் கோச்சை அனுப்பிவிட்டு, கூட இருந்த இவரைத் தற்காலிகமாக உட்கார வைத்தது. 2019 ஜனவரி தொடக்கத்தில், வட அமெரிக்காவின் பெரிய லீக்கில் 31 டீம்களில் கடைசி இடம். ஜூனில் அந்த லீக்கின் ஸ்டான்லி கோப்பை! 2023 டிசம்பரில் அதே டீம் இவரையும் அனுப்பியது. இருபது ஆட்டக்காரர்களை நடுவில் கலைக்க முடியாது, ஒப்பந்தம் அப்படி. கோச் ஒரே ஆள். எனக்கும் நடந்தது. மாவட்டத்தில் ஜெயித்த மறுவருஷம் முதல் ரவுண்டிலேயே தோற்றோம். விசிலையும் ஸ்டோர் ரூம் சாவியையும் மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னது ஒரு பள்ளிக்கூடம். விசில் என் காசில் வாங்கியது.

வேலை என்ன என்று கேட்டீர்கள். மகளைப் பார்க்கக் கனடா போயிருந்தபோது, இரண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லாவோடு, பிள்ளைகள் ஆடும் ஐஸ் அரங்கில் பெஞ்சுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பக் என்கிற அந்த ரப்பர் வட்டை கோச் அதிகம் பார்க்கவே இல்லை. ஆடிக்கொண்டிருப்பவன் கால் தளர்கிறதா என்றுதான் பார்த்தார். தளர்ந்ததும், பெஞ்சில் இருக்கும் அடுத்த மூவர் முதுகில் ஒரு தட்டு. ஆட்டம் நிற்காது, களைத்தவன் பெஞ்சுக்கு வர, அடுத்தவன் தடுப்பைத் தாண்டி ஐஸில் குதிக்கிறான். பெரிய லீக்கில் முக்கால் நிமிஷத்துக்கு ஒரு தரம் இப்படி. கணக்குத் தப்பி ஒருவன் கூடுதலாக இறங்கிவிட்டால் 2 நிமிஷம் ஆள் குறைவோடு ஆட வேண்டும்.

கோரிப்பாளையத்தில் ராத்திரி பரோட்டாக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஈடு வேகும்போதே அடுத்த ஈடு வீசி ரெடியாக இருக்கும். கல் சும்மா காயவும் கூடாது, பரோட்டா கருகவும் கூடாது. அந்த மாஸ்டர் வேலைதான் இதுவும்.

இன்னொரு சூட்சுமம். ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது வெளியூர் கோச் முதலில் ஆளை இறக்கிவிட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு உள்ளூர் கோச் இறக்கலாம். எதிராளி சீட்டைப் பார்த்துவிட்டு நம் சீட்டைப் போடுகிற சுகம்!

கேள்வி: ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ஜூனியராக இருக்கிறேன். பெரிதாக விளையாடியதில்லை. கோச் ஆக முடியுமா?
– வாசகி, ஒத்தக்கடை

பதில்: ஜான் கூப்பர் என்று ஒருவர் அமெரிக்காவில் லான்சிங் ஊரில் வக்கீலாக இருந்தார். ஒரு ஜட்ஜ், தன் பையன் ஆடும் பள்ளி ஐஸ் ஹாக்கி டீமுக்குக் கோச்சாக வரச்சொல்லிக் கேட்டார். ஜட்ஜ் கேட்டு மாட்டேன் என்று எந்த வக்கீலம்மா சொல்வார்? அங்கே தொடங்கி, சின்னச் சின்ன லீக்குகளில் ஏறி, 2013-ல் அதே பெரிய லீக்கில் டாம்பா பே டீமுக்குக் கோச். 2020, 2021 இரண்டு வருஷமும் ஸ்டான்லி கோப்பை. அந்த லீக்கில் ஆட்டக்காரராக ஒரு நாளும் இறங்கியதில்லை. நீங்களும் முதலில் ஒரு பள்ளிக்கூட டீமைப் பிடியுங்கள். கேஸ் கட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். விசில் கதை மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மதுரைக்கு ஐஸ் ஹாக்கி எப்போது வரும்?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: சித்திரை வெயிலில் குச்சி ஐஸே வாய்க்கு வருமுன் முழங்கை வரை ஒழுகுகிறது. லடாக்கில், 11,000 அடிக்கு மேலே இருக்கும் லேயில், ஜனவரியில் குளமே உறைந்து மைதானமாகிவிடும். பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பெண்களைக் கொண்ட நம் டீம் 2025 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. நமக்கு ரேஸ்கோர்ஸில், பந்தை வைத்து ஆடும் சாதா ஹாக்கியின் 2025 ஜூனியர் உலகக் கோப்பை நடந்த டர்ஃப் இருக்கிறது. அங்கேயும் ஆள் மாற்றுவதற்குக் கணக்கு வழக்கு கிடையாது. பெஞ்சுப் பக்கமாக இடம் பிடித்து, பந்தை விட்டுவிட்டுக் கோச்சைப் பாருங்கள். தொப்பி எடுத்துப் போங்கள்.