மீல் மேக்கர் சாப்பிட்டால் ஆண்களுக்கு மார்பு வளருமா?

வாரம் இரண்டு நாள் மீல் மேக்கர் குழம்பு வைப்பதால் அப்படி எதுவும் ஆகாது. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

மீல் மேக்கர் செய்யப்படும் சோயாவில் இருப்பவை ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் போன்ற ஐசோஃப்ளேவோன்கள் என்ற தாவரச் சேர்மங்கள். அமைப்பில் பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஒத்திருப்பதால், செல்களில் அது ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் போய் ஒட்டும். ஆனால் வீரியம் மிகக் குறைவு. 2008இல் பதிவான 60 வயதுக்காரர் ஒருவருக்கு மார்பு பெருத்தது உண்மைதான். அவர் தினமும் குடித்ததோ ஏறக்குறைய 3 லிட்டர் சோயா பால்! நிறுத்தியபின் ஈஸ்ட்ரோஜன் அளவு படிப்படியாக இறங்கியது.

உண்மையில் கவனிக்க வேண்டியது தைராய்டு மாத்திரையை. அந்த மாத்திரையில் உள்ள லெவோதைராக்சின் குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் சோயா தடுக்கும். காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால், சோயா பால் 10 மணிக்கு மேல்தான். தினமும் குடிக்கப் புதிதாகத் தொடங்கியிருந்தால் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பரிசோதித்துவிடுங்கள். மருந்தின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.