கிச்சன் கேபினெட் கதவில் எண்ணெய்ப் பிசுக்கு போகவே இல்லை. வினிகரும் சோடா உப்பும் கலந்து தேய்த்தும் பலனில்லை. என்ன செய்வது?

வினிகரில் சோடா உப்பைக் கொட்டியதும் புஸ்ஸென்று நுரை வந்திருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று அமிலம், இன்னொன்று அதற்கு நேரெதிரான காரம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, வாயு மேலே போய்விட, கிண்ணத்தில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். அதில் பிசுக்கு போகாது. குழாயில் படியும் வெள்ளை உப்புக்கறைக்கு வினிகர் நல்லது. எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த நுரையைக் காட்டி வீடியோ போடுகிறவர்கள் துடைத்துக் காட்டுவதெல்லாம் நேற்று தெறித்த எண்ணெயை. உங்கள் வீட்டில் இருப்பது பழைய பிசுக்கு என்று நினைக்கிறேன்.

பழையதுக்கும் புதியதுக்கும் வித்தியாசம் இருக்கிறது. வடை சுடும்போதும் தாளிக்கும்போதும் எழும் எண்ணெய்ப்புகை கதவில் படிந்து, காற்றும் சூடும் பட்டுப் பட்டு வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். அதன்மேல் தூசி ஒட்டும். மஞ்சளாக, விரல் வைத்தால் பிசுபிசுவென்று இருப்பது அதுதான். அழுத்தித் தேய்த்தால் போகாது, ஊறினால்தான் போகும்.

தொடுவதற்கு முன் கதவு என்ன ரகம் என்று பாருங்கள். ஓரத்தில் தனிப் பட்டை ஒட்டியிருந்து, பரப்பு மங்கலாக இருந்தால் மேட் சன்மைக்கா. கண்ணாடி போல முகம் தெரிந்தால் பெரும்பாலும் அக்ரிலிக்காகவோ பெயின்ட் அடித்ததாகவோ இருக்கும். வளைவு, குழிவு டிசைனோடு ஓரத்தில் இணைப்பே தெரியாவிட்டால் சூட்டில் ஒட்டிய பிவிசி ஃபாயில், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் தாள். சன்மைக்கா ஓரளவு தாங்கும், மற்றவை தாங்காது. அக்ரிலிக்கில் தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். சில பளபளப்பை மங்கடிக்கும், சில மெல்லிய விரிசல் விட வைக்கும். இரும்பு நார், பச்சை ஸ்க்ரப்பர், பாத்திரம் தேய்க்கும் பவுடர் எந்தக் கதவுக்கும் ஆகாது.

1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 1 டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். கூடுதலாக ஊற்றினால் சோப்புப் படலம் தங்கி, அதிலேயே மறுபடி தூசி பிடிக்கும். முதலில் உலர்ந்த துணியால் தூசியைத் தட்டுங்கள், இல்லாவிட்டால் அது சேறாகிவிடும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, மேலிருந்து கீழே துடையுங்கள். இறுகிய இடத்தில் அதே துணியை மடித்து 5 நிமிடம் ஒட்டவைத்துப் பிடித்திருங்கள். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணி, கடைசியில் உலர்ந்த துணி. இந்தக் கடைசித் துணியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் ஒரு துணியில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, பிசுக்கின்மேல் ஓரிரு நிமிடம் வட்டமாகத் தேயுங்கள். சிரிக்காதீர்கள், இறுகிய எண்ணெய் புது எண்ணெயில் இளகும். இளகியதும் சோப்புத் தண்ணீரால் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடலாம். மேட் சன்மைக்காவாக இருந்தால் மட்டும் 3 பங்கு சோடா உப்புக்கு 1 பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலில் துணி சுற்றி லேசாகத் தேய்க்கலாம். எதைப் போடுவதாக இருந்தாலும் கதவின் உள்பக்கம் ஒரு மூலையில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வெள்ளைக் கதவில் சமையல் மஞ்சள்தூள் கறை இருந்து, சோப்புப் பட்டதும் சிவந்தால் பயப்பட வேண்டாம். காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் சிவக்கும். துடைத்துவிட்டு ஜன்னல் வெயில் படும்படி விடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளுக்கும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. பிசுக்கால் கேபினெட் வீணாவதில்லை, தண்ணீரால்தான் வீணாகிறது. கதவின் முகத்தில் ஈரம் பட்டால் ஒன்றுமில்லை. ஓரத்தில் ஒட்டியிருக்கும் பட்டையின் இடுக்கில் இறங்கினால், மரத்தூளையும் மரநாரையும் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்பும் பிஸ்கட் மாதிரி உப்பிவிடும். உப்பியது திரும்பாது. அதனால்தான் ஸ்ப்ரே பாட்டிலைக் கதவில் அடிக்காமல் துணியில் அடிக்கச் சொல்வது. குக்கரை மேல் கேபினெட்டுக்கு நேர் கீழே வைத்து விசில் விடவும் வேண்டாம். அந்தப் பட்டை சூட்டில் உருகும் பசையால் ஒட்டியது, ஆவி பட்டுப் பட்டு விட்டுக்கொள்ளும். ஒரு நுனி மட்டும் கிளம்பியிருந்தால் நன்றாக உலரவிட்டு, மேலே பருத்தித் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் சில நொடி அழுத்தி, ஆறும்வரை பிடித்திருந்தால் பழைய பசையே பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக், ஃபாயில் கதவுகளில் இதைச் செய்யாதீர்கள்.

‘மெரைன் பிளைவுட் போட்டால் இதெல்லாம் வராதே’ என்று கமென்ட் வரும், தெரியும். மெரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரையான ஐ.எஸ். 710 உள்ள பிளைவுட்டின் பசை கொதிநீரையும் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன்மேல் சன்மைக்காவை ஒட்டிய பசையும், கீலும், டிராயர் ஓடும் சேனலும் அந்த முத்திரைக்குள் வராது. வாங்கும்போது வாய்கூசாமல் ‘வாட்டர் ப்ரூஃப் சார்’ என்பார்கள். வாரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தைப் பாருங்கள், ஈரத்தால் வரும் சேதம் சேராது என்று பெரும்பாலும் இருக்கும்.

சிங்க்குக்குக் கீழே இருக்கும் பெட்டிதான் பெரும்பாலும் முதலில் போகும். மாதம் ஒருமுறை உள்ளே கையைவிட்டு, வேஸ்ட் பைப் இணைப்பைச் சுற்றி ஒரு டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில் தெரிந்துவிடும். பைப்புக்காகப் பலகையில் போட்ட ஓட்டையின் விளிம்பு எதுவும் பூசாமல் வெறுமனே விடப்பட்டிருந்தால், உலர்ந்திருக்கும்போது சிலிகான் சீலன்ட் தடவிவிடுங்கள். கழுவிய பாத்திரத்தை ஈரத்தோடு கம்பிக் கூடையில் அடுக்கினால் கூடையும் துருப்பிடிக்கும், சொட்டும் தண்ணீர் அடிப்பலகையிலும் நிற்கும்.

அதே பெட்டியில் டாய்லெட் ஆசிட் பாட்டிலை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் புகை கசியும். மூடிய பெட்டிக்குள் அந்தப் புகையில் கீலும் சேனலும் பழுப்புப் பொடியாக உதிரத் தொடங்கும். சில சமயம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூடத் தப்பாது. பிளீச்சிங் பவுடருக்கும் இதே விதி.

சேனல் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது தூசியோடு சேர்ந்து கறுப்புப் பசையாகிவிடும். உலர்ந்த துணியால் பழைய அழுக்கை எடுத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். தானாக மெதுவாக மூடும் ரகத்துக்குத் துடைத்தால் மட்டும் போதும்.

கரப்பான் குட்டிகள் கீல் குழிக்குள்தான் குடியிருக்கும். அங்கே ஸ்ப்ரே அடித்தால் அடுத்த பெட்டிக்கு ஓடும். ஜெல் மருந்தை அரிசி அளவுப் புள்ளிகளாகக் கீல் பக்கத்திலும் மூலைகளிலும், பாத்திரமும் குழந்தைகள் கையும் படாத இடமாகப் பார்த்து வையுங்கள். அதே இடத்தில் ஸ்ப்ரேயும் அடித்தால் ஜெல்லைத் தின்ன வராது. கேபினெட்டின் உள்தட்டுகளில் நியூஸ்பேப்பர் விரிப்பதை விடுங்கள், அதற்கடியில்தான் ஒளியும். லாஃப்ட் வரை போகாத மேல் கேபினெட்டின் தலைமேல் மட்டும் பேப்பர் விரிக்கலாம், படியும் பிசுக்கெல்லாம் அதோடு போகும். 3 மாதத்துக்கு ஒருமுறை சுருட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்று லட்சம் கொடுத்து கிச்சன் போட்டுவிட்டு, துடைக்க வரும் அக்காவிடம் ஒரு வாளித் தண்ணீரும் இரும்பு நாரும் கொடுப்பது, ஆறு மாதம் கழித்து ‘இவங்கதான் கெடுத்துட்டாங்க’ என்று சம்பளத்தில் பிடிப்பது. இரண்டு நல்ல துணியை வாங்கிக் கொடுத்து, பிழியும் பதத்தை ஒருமுறை செய்து காட்டுங்கள்.

கடைசியாகக் கதவு தொங்கல். கம்பெனிக்கு போன் போட்டால் வந்துபோகவே காசு கேட்பார்கள், ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் நீங்களே செய்யலாம். கீலில் கதவுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பினால் கதவு இடவலமாக நகரும், பின்னால் உள்ளது முன்பின்னாக நகர்த்தும், பெட்டிச் சுவரில் பதிந்த தகட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் ஏற்றி இறக்கலாம். ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். கதவைக் கழற்றி, மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் நனைத்து ஓட்டையில் அடைத்து, ஒரு நாள் உலரவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு அதே ஸ்க்ரூவை முடுக்குங்கள்.