விரல் மூட்டு தேய்ந்தால் மாற்று மூட்டு வைக்கலாமா?

அக்காவுக்கு முழங்கால் மூட்டை மாற்றினார்கள். எனக்குக் கட்டைவிரல் அடியில் தேய்மானம். பாட்டில் மூடி திறக்க முடியவில்லை. எனக்கும் மூட்டு மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் அதுதான் முதல் வழி என்பதில்லை. கையிலேயே அதிகம் பாடுபடுவது அந்த அடிமூட்டுதான். விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்திப் பிடித்தால் அங்கே சுமார் 12 கிலோ இறங்குகிறது. அதிகம் செய்யப்படும் ஆபரேஷனில், அந்த இடத்திலுள்ள சிறிய எலும்பை (டிரபீசியம்) முழுதாக எடுத்துவிடுவார்கள். கெர்விஸ் என்ற அறுவை மருத்துவர் 1949-லேயே எழுதிவைத்த முறை. எலும்பு போனால் விரல் தொங்கிவிடாதா என்று எல்லோருமே கேட்பார்கள். தொங்காது. காலியான இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து விரலைத் தாங்கும்; சிலர் முன்கைத் தசைநாணைச் சுருட்டியும் வைப்பார்கள். விரல் கொஞ்சம் குட்டையாகும், வலி பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும்.

பிரான்ஸ், பெல்ஜியத்தில் பந்துக்கிண்ண உலோக மூட்டு அதிகம் வைக்கிறார்கள். கை சீக்கிரம் பழக்கத்துக்கு வரும். ஆனால் அது கழன்றாலோ தளர்ந்தாலோ, கடைசியில் அதே எலும்பை எடுக்க வேண்டிவரலாம். எதுவானாலும் ஸ்ப்ளின்ட் (மூட்டை அசையாமல் தாங்கும் பட்டை), வலி ஜெல், ஊசி எல்லாம் பார்த்த பிறகுதான் கத்தி.

ஆள்காட்டி விரல் நடுமூட்டை ஒட்டவைக்கலாம், மோதிர விரலுக்குச் செயற்கை மூட்டு என்கிறார் டாக்டர். ஏன் இந்தப் பாகுபாடு?

சரியாகத்தான் சொல்கிறார். ஒட்டவைப்பது என்றால், மூட்டின் இரு எலும்புகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவது; பிறகு அது மடங்காது, ஆனால் உறுதியாக நிற்கும். சாவியைத் திருப்பிப் பாருங்கள்: கட்டைவிரல் ஆள்காட்டி விரலைப் பக்கவாட்டில் தள்ளும். ரப்பர் போன்ற சிலிக்கோனில் செய்த செயற்கை மூட்டு அந்தத் தள்ளலைத் தாங்காது. சாயும், உடையவும் செய்யும். மோதிர விரலுக்கோ வாளிப் பிடியைச் சுற்றி மடங்குவதுதான் வேலை. அங்கே சிலிக்கோன் போதும். ஆனால் மாற்றியபின் விரல் முன்னைவிட நன்றாக மடங்கும் என்று நம்பிப் போகாதீர்கள். குறைவது வலிதான்.

விரல் நுனி மூட்டுகளில் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. வலி இல்லை, பார்க்க அசிங்கம்.

விட்டுவிடுங்கள். வலி தாங்க முடியாமல் போனால் அந்த மூட்டைப் பெரும்பாலும் ஒட்டவைத்துவிடுவோம்.

சர்க்கரை இருக்கிறது. அடிமூட்டு எலும்பை எடுத்தபின் எப்போது சமைக்கலாம்?

முதலில் சர்க்கரை கட்டுக்குள் வரட்டும், இல்லாவிட்டால் புண் ஆறாமல் சீழ் வைக்கலாம். நான்கு முதல் ஆறு வாரம் கட்டும் ஸ்ப்ளின்ட்டும். துணி பிழிய மூன்று மாதமாவது ஆகும். பிடிபலம் முழுதாகத் திரும்ப ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட. எந்தக் கை என்று எழுதவில்லை. கரண்டி பிடிக்கும் கை என்றால், முதல் ஒன்றரை மாதம் அடுப்படியை யார் பார்ப்பது என்று தேதி குறிக்கும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.