நயினார்குளத்திலிருந்து கொக்கிரகுளம் வரை ஓர் இணைப்பு நடைபாதை: கேள்வி பதில்

திருநெல்வேலியில் நயினார்குளத்துக் கரை, தாமிரபரணியின் குறுக்குத்துறை ஆற்றங்கரை, கொக்கிரகுளம் எனத் தனித்தனியே கிடக்கும் நடக்கத்தக்க இடங்களை ஒரே பாதையாக இணைப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு, நீர்நிலை அளவைப் பணியில் பழகிய ஒருவர் அளித்த பதில்கள்.

டவுன் வாசகர்: திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

பாதை எங்கெங்கே அறுபடுகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். குளத்தங்கரையில் எவரும் நடந்துவிடுவார்கள். டவுனின் வண்டி நெரிசலில் ஒரு மூதாட்டியால் சாலையைக் கடக்க முடியவில்லையென்றால், இணைப்பு வரைபடத்தோடு நின்றுவிடும். ஆட்கள் நடந்து நடந்து ஏற்கெனவே உண்டாக்கிய ஒற்றையடித் தடங்களைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். சாலையோரம் செல்லும் பகுதிகளில், சாலை அமைப்புக்கு நெறிகள் வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பின் நெறிமுறைப்படி, தடையற்ற அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது.

பேட்டை வாசகர்: அண்ணாச்சி, குளத்துக்கரையில் சிமெண்ட் கல் பதிக்கலாமா? அனுமதி யாரிடம் பெற வேண்டும்?

கல் பதிப்பதை நான் ஏற்கமாட்டேன். கரையில் விழும் எலிவளையும் நீர்க்கசிவும் கல்லுக்கடியில் மறைந்துவிடும். உடைப்பு ஏற்படும் நாளில் மணல்மூட்டை ஏற்றிய வண்டி அதே கரைமீதுதான் வந்தாக வேண்டும். சரள்மண்ணைப் படிப்படியாகப் பரப்பி, நீர் தெளித்து இறுக்கி, மழைநீர் வெளிச்சரிவை அரிக்காதபடி மீட்டருக்கு 3 செ.மீ. அளவில் குளத்துப் பக்கமாகச் சாய்வு கொடுத்தால் போதும். மறுகால் (குளம் நிரம்பியபின் வெளியேறும் மிகுநீர்) பாயும் இடத்தை மண்ணிட்டு மேடாக்குவது பெருந்தவறு. அங்கே தண்ணீர் மேலே வழிந்தோடும்படி தாழ்வான கல்தளம் அமைக்கலாம். அனுமதியைப் பொறுத்தவரை, முதலில் தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். நிலம் எவர் பொறுப்பில் உள்ளது என்பது அதில் தெரிந்துவிடும். நீர்வளத் துறைக்கு உரிய குளமாயின், ஆக்கிரமிப்பு அகற்றும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் நடைபாதைக் கடைக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

வண்ணார்பேட்டை வாசகர்: ஆற்றில் வெள்ளம் வந்தால் பாதை நிற்குமா?

மூழ்கும் என்று கருதியே அமைக்க வேண்டும். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வருமுன் உற்சவரைக் கரைமேலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார்கள், நீர் வடிந்தபின் கோயிலைக் கழுவி வழிபாட்டைத் தொடர்கிறார்கள். பாதைக்கும் அதே முறைதான் தேவை. 2023 டிசம்பர் வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறியது என்று கரையோர வீட்டுக்காரர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, மின்விளக்கு, இருக்கை, தகவல் பலகை அனைத்தையும் அதற்கு மேலே வையுங்கள். கீழ்ப்பாதையில் கம்பிவேலி வேண்டாம். மிதந்து வரும் மரக்கிளைகள் அதில் சிக்கி, வேலியோடு கரையையும் இழுத்துச் செல்லும். மழைக்காலத்துக்கென மேட்டுவழி ஒன்றையும் சேர்த்தே வரையுங்கள்.

பாளையங்கோட்டை வாசகர்: ஆற்றைக் கடக்க நடைபாலம் தேவையா?

தேவையில்லை. 1843இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலம் இருக்கிறது. கையில் இருக்கும் பணத்தை அதன் இரு முனைகளிலும் நடப்போர் பாதுகாப்பாக இறங்கி ஏறச் செலவிடுங்கள்.

மேலப்பாளையம் வாசகர்: என்ன மரம் நடலாம்?

ஆற்றங்கரையில் நீர்மருதும் நாவலும் புங்கையும் நடலாம். குளத்துக்கரைச் சரிவில் பெருமரம் வேண்டாம். வேர் செத்த வழியே நீர் புகும். அங்கே பனை போதும்.