படம் கூட்டத்துக்கு மேலே இருக்கிறது

கேள்வி: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஜூன் மாதம் போகிறேன். ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். பாறை இடுக்கில் ஒளிக்கற்றை இறங்கும் அந்தப் படத்தை நானும் எடுக்க ஆசை. ஆனால் நிற்கவும் இடமில்லாத கூட்டம் என்கிறார்களே? கேமராவும் ட்ரைபாடும் வைத்திருக்கிறேன்.
– வாசகி, திருச்சி

பதில்: ட்ரைபாடைத் திருச்சியிலேயே வைத்துவிட்டுப் போங்கள் அம்மா. உள்ளே அதற்கு அனுமதி இல்லை, பைகளுக்கும் இல்லை. ட்ரைபாடுடன் போகிறவர்களுக்கென்று முன்பு தனிச் சுற்று இருந்தது, அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கேன்யன் மேல், கீழ் என இரண்டு பகுதிகள். நீங்கள் சொல்லும் கற்றை, மேல் கேன்யனில் கோடையின் நண்பகலில் விழுவது. எல்லோரும் அந்த நேரத்துக்குத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். வழிகாட்டி ஒரு கை மணலை அள்ளி வீசுவார். தூசி மிதந்தால்தான் கற்றை கண்ணுக்குத் தெரியும். நான் போன அன்று, மணல் பறந்த நொடியில் எனக்கு முன்னால் இருந்த கைகள் அத்தனையும் உயர்ந்தன. என் படங்களில் எல்லாம் யாரோ ஒருவரின் கைப்பேசித் திரை ஒளிர்ந்தது. வருத்தத்தோடு கழுத்தை நிமிர்த்தினேன். அங்கே, தலைகளுக்கு மேலே, ஒருவரும் இல்லை.

பாறை முழுக்க மெல்லிய வரிகள். அந்தப் பாறையே ஒரு காலத்தில் காற்று குவித்த மணல்மேடுதான். மேல்விளிம்பு வெளிறிய மஞ்சள். சற்றுக் கீழே சுட்ட செங்கல். வெயில் எட்டாத குழிவில் கத்தரிப்பூ நிறம். வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குத் தாவித் தாவி இறங்குவதால் சிவப்பு ஏறிக்கொண்டே போகிறது. நிழலில் தெரியும் நீலம் வானத்தினுடையது. கற்றையை விட்டுவிட்டு இந்த நிறங்களை எடுங்கள் என்பதுதான் என் மனமார்ந்த யோசனை. இவற்றுக்கு நண்பகல் டிக்கெட்டும் தேவையில்லை.

கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து மேல்நோக்கிச் சாய்த்துக்கொள்ளுங்கள். வானத்தின் துண்டு சட்டகத்துக்குள் வந்தால் அது வெளுத்துப்போய்ப் படத்தைக் கெடுக்கும், தவிர்த்துவிடுங்கள். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், அது செம்மையைத் தின்றுவிடும். பகல் வெளிச்சத்துக்கான அமைப்பே போதும். வெளிச்சத்துக்கான உணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, 1600, தேவைப்பட்டால் 3200 வரை ஏற்றுங்கள். புள்ளிகள் விழுவதைச் சகித்துக்கொள்ளலாம், நடுங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. அகலக்கோண லென்ஸை வெளியிலேயே மாட்டிவிடுங்கள். மணல் பறக்கும் இடத்தில் கேமராவின் வாயைத் திறக்கக் கூடாது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். சுவரில் சாய்ந்தும் நிற்காதீர்கள், அது உதிரும் மணற்பாறை.

குழுவில் கடைசி ஆளாக நடங்கள். முன்னால் போகிறவர்கள் வளைவில் மறைந்து, பின்னால் வரும் குழு எட்டுவதற்குள் சில நொடிகள் பாதை காலியாக இருக்கும். வழிகாட்டியிடம் சொல்லிவைத்தால் அதற்கு உதவுவார். அது அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் நிலம். வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. அவரைப் படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

இன்னொன்று: கோடையில் நவஹோ நிலப்பகுதியின் கடிகாரம் பீனிக்ஸைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். சுற்றுலா நேரம் பீனிக்ஸ் கணக்குப்படிதான். கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக் குழப்பலாம்.

கேள்வி: ஆகஸ்டில் அங்கே போனோம். தலைக்கு மேல் மேகமே இல்லை, ஆனாலும் மழை என்று சொல்லி அனுமதிக்கவில்லை. பணம் திரும்பி வந்தது, ஏமாற்றம் தீரவில்லை. இவ்வளவு எச்சரிக்கை தேவையா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: தேவைதான் ஐயா. மேல் கேன்யனை நவஹோ மொழியில் 'பாறைகளின் ஊடே நீர் ஓடும் இடம்' என்றுதான் அழைக்கிறார்கள். அதைக் குடைந்ததே வெள்ளம். அரிசோனாவின் மழைக்காலமும் கோடையில்தான், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் கேன்யனில் மழை ஏதோ தூறியதோடு சரி. பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழையின் நீர் அந்த இடுக்கில் சுவராக வந்து 11 சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுபோய்விட்டது. அன்றிருந்த மர ஏணிகளும் அடித்துச் செல்லப்பட்டன. இப்போது இறங்கும் படிகள் பாறையோடு சேர்த்து முடுக்கப்பட்டவை. மேலே, அவசரத்துக்கு இறக்க வலைகளும் வைத்திருக்கிறார்கள்.